மாடிப் பங்கு

செய்தித்தாளில் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் கைவைத்த செய்தி 'நாளை மின்தடை' என்பதுதான். மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காகக் கீழ்க்கண்ட பகுதிகளில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்விநியோகம் இருக்காது என்று வரும். தலைப்பு மாறாது, வாக்கியம் மாறாது, தெருப்பெயர்கள் மட்டும் மாறும். பக்கத்தின் கீழ்மூலையில் இடம் மிஞ்சினால் போடுவோம். அதை யார் வாசிக்கிறார்கள் என்று அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகு நான் வாசிக்கிறேன். முதல் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறேன்.

என் மனைவியின் நுரையீரல் மெல்ல இறுகிக்கொண்டு வருகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின் நிற்கிறது. இடுப்புயரம், அடியில் சக்கரங்கள், மூக்குக்கு ஒரு குழாய். அது அறைக் காற்றை உள்ளே இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் உட்கார்ந்த இடத்தில் அது இல்லாமல் கொஞ்ச நேரம் இருப்பாள். நடந்தால் வேண்டும், படுத்தால் வேண்டும். கரண்ட் போனால் மெஷின் ஒரே சுருதியில் கூவும். தெருவில் மற்றவர்களுக்குக் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், அவ்வளவுதான்.

ஊர் மூழ்கிய அந்தப் பெருமழையில் கரண்ட் நாள்கணக்கில் இல்லை. எங்கள் வீடு திரேஸ்புரத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. கீழ்வீடு எனக்கு, மேல்வீடும் மொட்டைமாடியும் தம்பிக்கு என்று அப்பா எழுதிவைத்தது. கீழ்வீட்டில் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டபோது தம்பிதான் இறங்கி வந்து என் மனைவியைத் தூக்கிக்கொண்டு மேலே போனான். பிறகு கழுத்தளவு தண்ணீரில் போய், எங்கோ விசாரித்து, ஓர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தான். நான் படிக்கட்டில் டார்ச் பிடித்து நின்றேன். அவன் தோளில் அந்தச் சிலிண்டர் பதித்த சிராய்ப்பு ஆறப் பல நாள் ஆனது. இதை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொல்லப்போவதை இது இல்லாமல் சொன்னால் பாதிச் செய்தி ஆகிவிடும்.

தண்ணீர் வடிந்ததும் சோலார் வைப்பதென்று முடிவு செய்தேன். மாடியில் நாலு பலகை, கீழே ஒரு லித்தியம் பேட்டரி, ஓர் இன்வெர்ட்டர். வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் முன்பு படகுகளுக்கு விளக்கும் ஜிபிஎஸ்ஸும் மாட்டிக்கொண்டிருந்தவர். தம்பிக்குத் தெரிந்த ஆள். மெஷின், இரண்டு ஃபேன், நாலு விளக்கு, இவ்வளவுதான் இந்த லைனில் என்று நான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். மிக்ஸியைக்கூட யாரும் மறந்து மாட்டிவிடக் கூடாது என்று அந்த லைனுக்கு மட்டும் சிவப்பு நிற பிளக் பாயிண்ட் போடச் சொன்னேன். அவர் கடை கடையாகத் தேடி வாங்கிவந்தார்.

பலகை வைக்க இடம் கேட்டு மேலே போனபோது தம்பி என்னைப் பேசவே விடவில்லை.

"என்னண்ணே, வேத்தாள்கிட்ட கேக்க மாதிரி வந்து நிக்கிய? ஏத்துங்க."

பலகைகளை மேலே ஏற்றுவதற்கு அவன்தான் ஆள் பிடித்தான். படியில் நின்று அதிகாரம் செய்தான். "ஏலே, பாத்துத் தூக்கு. கண்ணாடிலே, மீன்கூடை இல்ல." எல்லாம் முடிந்து எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டபோது, "இனி எங்க அண்ணன் சூரியனுக்குத்தான் பில்லு கட்டுவாவ" என்றான். என் மனைவி சிரித்தாள். அதிகம் சிரித்தால் இருமல் வரும் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் மின்தடை நாளில் தெரு முழுக்க அடங்கிக் கிடக்க, எங்கள் வீட்டில் மெஷின் ஓடியது. மாலையில் தெருவிளக்கு எரிந்ததைப் பார்த்து, "கரண்டு இல்லாத நாளுன்னே மறந்துட்டேன்" என்றாள். நான் செய்த எந்த வேலைக்கும் அப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை.

தம்பி துறைமுகத்தில் ஒரு சரக்கு முகவரிடம் வேலை பார்க்கிறான். அவன் மனைவி வீட்டிலிருந்தே மீன் வியாபாரம் செய்கிறாள். ஏலத்தில் எடுத்த மீனை வெட்டிக் கழுவி, டப்பாவில் அடைத்து, பெரிய ஃப்ரீசரில் உறையவைத்து, வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு அனுப்புவாள். பெருமழையில் அந்த ஃப்ரீசர் நின்று மீன் முழுவதும் அழுகியது. தண்ணீர் வடிந்த பிறகும் அந்த வாடை மேல்வீட்டை விட்டுப் போகாமல் இருந்தது. சோலார் வந்த பிறகு ஞாயிறுதோறும் அவள் சீலா மீன் துண்டுகளை ஒரு டப்பாவில் கீழே கொடுத்துவிட ஆரம்பித்தாள். இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்பதை நான் கவனிக்கத்தான் செய்தேன். காரணத்தைத்தான் நானே எழுதிக்கொண்டேன். வெள்ளம் எங்களை நெருக்கமாக்கிவிட்டது என்று எண்ணினேன்.

இன்வெர்ட்டரின் முகப்பில் பேட்டரியின் இருப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று ஓர் எண் தெரியும். பல் துலக்குவதற்கு முன் அதைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. முதலில் சில நாள் அந்த எண் எனக்குப் பிடித்த இடத்தில் நின்றது. பிறகு இறங்கியது. பாதிக்குக் கீழே போனால் மட்டும் மின்வாரியக் கரண்டில் ஏறிக்கொள்ளும்படி அமைத்திருந்தோம். அதனால் எண் பாதியில் வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு வெயில் அடித்தாலும் காலையில் பாதிதான் இருந்தது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் மாடிக்கு ஏறி, ஒரு பலகையை விரலால் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கரிக்குது அண்ணாச்சி. உப்புக் காத்து. வெயில் உள்ள எறங்கல. நல்ல தண்ணி ஊத்தித் தொடச்சு எடுத்துக்கிட்டே இருங்க, சரியாயிரும்."

இந்த ஊரில் எது கெட்டாலும் உப்பைச் சொல்லிவிடலாம். கீல் இறுகினால் உப்பு, சைக்கிள் செயின் அறுந்தால் உப்பு, சுவர் உரிந்தால் உப்பு. பக்கத்தில் உப்பளம் இருக்கிறது, எதிரே கடல் இருக்கிறது. அதற்கு மேல் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. ஊருக்கே அரைப் பிழைப்பைக் கொடுத்த பொருள், எல்லாப் பழியையும் வாங்கிக்கொள்கிறது. கேள்வி கேட்டே சம்பளம் வாங்கிய நானும் கேட்கவில்லை.

விடிந்ததும் குடிதண்ணீர் கேனிலிருந்து ஒரு வாளி பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறுவேன். படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, தம்பி வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு மேலே போகிறது. பழைய வேட்டித் துணியால் நாலு பலகையையும் துடைப்பேன். தம்பி பல்குச்சியோடு நின்று பார்ப்பான்.

"குளிப்பாட்டியாச்சா? பவுடரு போடலையா?"

"நீ வந்து போடுலே."

இருவரும் சிரிப்போம். கீழே வந்தால் என் மனைவி, "வயசான காலத்துல எதுக்கு இந்த வாளியத் தூக்கிக்கிட்டு ஏறுதிய?" என்பாள். என்மேல் உள்ள அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். அக்கறையும்தான்.

ஐப்பசியில் ஒரு மின்தடை நாள். அறிவிப்பில் எங்கள் தெருவும் இருந்தது. முந்தின நாளே வானம் மூடிக்கொண்டது. அவளுக்கு அந்த வாரம் சளி கட்டியிருந்தது, குழாயை எடுத்தால் உதடு நீலம் பாயத் தொடங்கிவிடும். கரண்ட் போனபோது பேட்டரி வழக்கம்போல் பாதியில் இருந்தது. மெஷினுக்கு அதுவே மாலை வரை தாராளம் என்பது என் கணக்கு. உச்சிப்பொழுதுக்குள் கால்வாசிக்கு வந்துவிட்டது. ஃபேனை நிறுத்தினேன். விளக்கு ஒன்றும் எரியவில்லை. எண் இறங்கிக்கொண்டே இருந்தது.

பலகையில் உப்பு படிந்திருக்கும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். வாளியை எடுத்துக்கொண்டு படியேறினேன். தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி பிள்ளைகளோடு ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மணப்பாடு போயிருந்தாள். மேல்வீடு பூட்டிக் கிடந்தது. தெருவில் ஃபேன் ஓசை இல்லை, தண்ணீர் மோட்டார் இல்லை, டிவி இல்லை. அந்த அமைதியில், பூட்டிய வீட்டுக்குள் ஒரு மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் எங்கள் தெருவில் ஓடியிருக்க வேண்டிய ஒரே மோட்டார் என் மனைவியுடையது.

ஜன்னல் கதவு ஒருக்களித்திருந்தது. கம்பி வழியாகப் பார்த்தேன். குசினியை ஒட்டிய அறையில் ஃப்ரீசர் நின்றது. அதன் மூடிக்குக் கீழே பச்சை விளக்கு. பின்னால் போன ஒயர் சுவரில் ஒரு சிவப்பு பிளக் பாயிண்டில் போய் முடிந்தது. அங்கே நான் எதிர்பார்க்காத நிறம். ஜன்னலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. வாளியை வைத்துவிட்டு எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. கீழேயிருந்து மெஷின் கூவிய பிறகுதான் ஓடினேன்.

அவசரத்துக்கென்று ஒரு சிறிய சிலிண்டரை எப்போதும் நிரப்பி வைத்திருக்கிறோம். ரெகுலேட்டரைத் திருகிக் குழாயை மாற்றுவதற்குள் அவள் விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பில் எண் எண்பத்து மூன்றுக்கு வந்துவிட்டது. அவள் கண்கள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன. சிலிண்டர் சீறியது. எண் கொஞ்சம் யோசித்தது போல் நின்று, பிறகு ஏறியது. தொண்ணூறைத் தாண்டியதும் நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"மேல ஃப்ரீசர் ஓடுது. நம்ம லைன்ல" என்றேன்.

பேச வேண்டாம் என்று கையைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு வாங்குவதால் என்று நினைத்தேன்.

சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியபோது கரண்ட் வந்தது. தம்பி பைக்கில் வந்து இறங்கும்போது நான் படிக்கட்டின் அடியில் நின்றேன்.

"ஃப்ரீசர் எந்த லைன்லலே ஓடுது?"

ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "ஏன், என்னாச்சு?" என்றான்.

"பேட்டரி தீந்துட்டு. உங்க மைனி சிலிண்டர்ல கெடந்தா."

அவன் முகம் மாறியது. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். அவளைப் பார்த்து, மெஷின் ஓடுவதைப் பார்த்து, மெதுவாகத் திரும்பி வந்தான். அந்த ஓட்டத்தில் நடிப்பு இல்லை.

"மைனி நல்லாத்தான இருக்காவ..."

"எந்த லைன்லலே?"

"உங்க லைன்லதான்."

"எப்ப இருந்து?"

"மாட்டின மறுவாரத்துல இருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான். குரலில் குற்றமுள்ளவனின் தணிவு இல்லை.

"சொல்லுததுக்கு இதுல என்ன இருக்கு? அப்பா வள்ளத்துக்குப் பங்கு கேட்டா வாங்குனாவ? மீன்பாடு முடிஞ்சு கரைக்கு வந்தா அது தானா விழும்லா. பலகை எங்கன கெடக்கு? எம் மாடியில. மாடிக்கு ஒரு பங்கு கெடையாதா?"

அவன் சொன்னது எங்களுக்குப் புதிதல்ல. அப்பாவிடம் ஒரு வள்ளம் இருந்தது. மீன் விற்றதும் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, பிறகுதான் கடலுக்குப் போன ஆட்களுக்கு. வள்ளத்தின் சொந்தக்காரர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாலும் வள்ளத்தின் பங்கு வீட்டுக்கு வந்துவிடும். நாங்கள் இருவரும் அந்தப் பங்கில் வளர்ந்தவர்கள். நான் மாடியை இடமாகப் பார்த்தேன். அவன் அதை வள்ளமாகப் பார்த்திருக்கிறான். சோலார் மாட்டிய நாளில் மாடிக்கு என்ன என்று நான் கேட்பேன் என்று அவன் காத்திருந்திருக்கலாம். அண்ணன் தம்பிக்குள் அப்படி ஒரு கேள்வி வரும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"வள்ளத்துப் பங்கு எல்லார் கண்ணு முன்னாலதாம்லே விழும்" என்றேன். "ராத்திரியோட ராத்திரியா ஒயர் இழுத்துக்கிட்டு யாரும் எடுக்கமாட்டான்."

அவன் படியில் ஒரு காலை வைத்தான். மேலே போய்விடுவான் என்று நினைத்தேன். திரும்பி, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"யாருக்கும் தெரியாம ஒண்ணும் எடுக்கல. மைனிக்குத் தெரியும்."

செய்தி அறையில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம், இரண்டாவது ஆளிடம் உறுதிசெய்யாமல் எதையும் எழுதக் கூடாது என்பது. உள்ளே போனேன். அவள் தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டில் பேசியது அறைக்குள் கேட்கும்.

"அவன் கேட்டான், குடுத்தேன்" என்றாள்.

"என்னை ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க வாட்டு, மணிக்கூருன்னு கணக்குப் போடுவிய. போட்டு, முடியாதும்பிய. என்னையத் தூக்கிட்டுப் போனவங்கிட்ட நான் முடியாதுன்னு சொல்லணுமா?"

"தூக்கிட்டுப் போனதுக்கு இதுவா?"

"அவ ஃப்ரீசரு நாறிப்போயி தலையில கைய வச்சு உக்காந்திருந்தாள்லா. அத நீங்க பாக்கல. நான் அவ கட்டில்ல படுத்துக்கிட்டு பாத்துக்கிட்டே கெடந்தேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். குழாயைச் சரிசெய்துகொண்டாள். "எம் மூச்சுல இருந்துதான குடுத்தேன். உங்க மூச்சுல இருந்தா எடுத்துக் குடுத்தேன்?"

அவள் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

"ஞாயித்துக்கெழம மீனு?"

"அது நம்ம பங்கு. நான் கேக்கல, அவளாக் குடுத்தா. நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான தின்னிய."

"தெனமும் வாளியத் தூக்கிக்கிட்டு ஏறுனேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மின்சாரம் மேலே போனதைப் பற்றியோ ஃப்ரீசரைப் பற்றியோ எனக்கு இப்போது கோபம் இல்லை. அந்த வாளிதான் நெஞ்சில் நிற்கிறது. பல்குச்சியோடு நின்ற தம்பிக்குத் தெரியும். அவன் மனைவிக்குத் தெரியும். நாக்கில் விரலை வைத்த எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். கட்டிலில் இருந்தவளுக்குத் தெரியும். நான் ஒருவன் பலகைகளைப் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தேன்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மேல் லைனை அறுத்துவிடச் சொல்வதற்காகத்தான். அவர் வந்து பையை இறக்கிவைத்து, அதற்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டே பேசினார்.

"தம்பி சொன்னாவ. அக்காவும் சரின்னாவ. குடும்பத்துக்குள்ள உள்ளது, நான் எதுக்கு ஊடால வரணும்?"

"அப்ப உப்புன்னு சொன்னீரே?"

"உப்பும் இருக்கத்தான செஞ்சுது அண்ணாச்சி."

அறுக்கச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார். என் மனைவி கட்டிலில் இருந்தபடியே, "அறுக்காண்டாம்" என்றாள். "அந்த லைனுக்கு ஒரு சுவிட்சு போட்டு எங்கையில தாங்க. இங்கன, கட்டில் பக்கத்துல."

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். அவர் இவ்வளவு நாளும் யார் சொன்னதைக் கேட்டாரோ அவர்கள் பக்கம்தான் நிற்பார் என்று எனக்குத் தெரியும். "போடும்" என்றேன்.

இப்போது அந்தச் சுவிட்ச் அவள் கைக்கு எட்டும் இடத்தில், ஜெபமாலை தொங்கும் ஆணிக்குக் கீழே இருக்கிறது. இன்வெர்ட்டரின் எண் தெரியும்படி கட்டிலையும் திருப்பிப் போடச் சொன்னாள். மழை மூட்டத்தோடு மின்தடை வந்தால் தம்பி மனைவி ஐஸ் வாங்கிவந்து மீனை அதில் புதைத்து வைக்கிறாள். படியில் ஐஸ் பெட்டி ஏறுவதைக் கேட்கிறேன். வெயில் நாளில் பெட்டி ஏறுவதில்லை. தம்பி என்னிடம் பேசுகிறான். எதைப் பேசினாலும் வேலை, மழை, பிள்ளைகளின் பரீட்சை என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். காலையில் நான் வாளியோடு ஏறும்போது அவன் வாசலில் நிற்பதில்லை.

துடைப்பதை நான் விடவில்லை. வெயில் இறங்கினால்தான் அவளுக்கு மூச்சு, அதில் நான் பிணங்க முடியாது. ஞாயிறு டப்பாவும் வருகிறது. அவள் பொரித்துச் சாப்பிடுகிறாள். எனக்கு ரசம் போதும் என்கிறேன். ஏன் என்று அவள் கேட்பதில்லை.

எப்போது அந்தச் சுவிட்சைப் போடுகிறாள், எப்போது அணைக்கிறாள் என்று அவள் என்னிடம் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. மின்தடை நாளில் தெரு அடங்கியதும் படிக்கட்டில் பாதி தூரம் ஏறி நிற்கிறேன். மேலே உறுமல் கேட்டால் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு இறங்கி வருகிறேன்.